கொப்பரைத் திடலில் ரெண்டு பேர்

அரசப்பனுக்குப் பொறாமை வந்தது ஒரு தை மாதக் காலையில், கணுக்கால்வரை சேற்றோடு. மற்றவர்களுக்கு அடுத்தவன் வாங்கிய கார், அடுத்தவன் எழுப்பிய மாடி என்று பார்த்துப் பொறாமை வரும். அவனுக்கு வந்தது, தன் பெண்டாட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து.

வயலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான். சம்பா பழுக்கத் தொடங்கிவிட்டது. அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, நிற்கிற கதிருக்குள் உளுந்தைத் தெளித்துவிட வேண்டும். மெழுகுப் பதத்தில் இருக்கும் மண்ணின் கடைசி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அது முளைத்துக்கொள்ளும். விதை இலையில் ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று பனி காயும்வரை வரப்பில் குந்தியிருந்து, பிறகு கூடையை இடுப்பில் இடுக்கி, இருந்த ஒன்பது மா நிலத்துக்கும் வீசி முடித்து, பசியோடு வந்தவனை வாசலில் ஒரு ஜோடி ஷூ வரவேற்றது.

உள்ளே ஒரு இளவயசுக்காரர் கைபேசியை மேசைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ராசம்மாள். அந்த வீட்டில் நாற்காலி வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அவள் அதில் துணி மடித்து வைத்துப் பார்த்திருக்கிறான், உட்கார்ந்து பார்த்ததில்லை. இப்போது உட்கார்ந்திருந்தது மட்டுமில்லை, இரண்டு கையும் காற்றில் இருந்தன. அவனைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "வந்துட்டீங்களா" என்றுகூடக் கேட்கவில்லை.

"அப்பா, எங்க சார். பரணிதரன் சார்" என்றாள் பூவிழி. கும்பகோணத்தில் தமிழ் படிக்கிற மகள். "ஊரு ஊருக்குப் புதையல் கதையெல்லாம் சேகரிச்சு ஆராய்ச்சி பண்றாங்க. அம்மா ஊரு கொப்பரைத் திடலப் பத்திச் சொல்லிட்டிருக்காங்க."

"எந்தத் திடலு?"

"ஆலமங்கலத்துல, மாமா வீட்டுக்குப் பின்னால வயலு நடுவுல மேடா நிக்குமேப்பா, பனமரத்தோட."

அரசப்பனுக்கு அந்த மேடு தெரியும். மாமனார் வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் காலை வேளைகளில் அவனும் அதைப் பயன்படுத்தியிருக்கிறான். எதற்கு என்பதை, வந்திருப்பவர் வாத்தியார் என்பதால் சொல்லவில்லை. தரங்கம்பாடிக்குத் தெற்கே அந்தக் கடைமடை ஊரில் பெண்ணெடுத்து இருபத்து நாலு வருஷம் ஆகிறது. அந்த மேட்டுக்கு ஒரு பெயர் இருப்பதே அவனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"எங்க விட்டேன்?" என்றாள் ராசம்மாள்.

"கப்பல்காரன் பொதைச்சிட்டான்ம்மா" என்றார் பரணிதரன்.

"ஆங். ஏழு கொப்பரை நெறைய பவுனு சார். ஒண்ணோட ஒண்ணு சங்கிலியால பிணைச்சு, ராவோட ராவா குழிக்குள்ள எறக்கிட்டு கப்பலேறிட்டான். போனவன் கடலோட போயிட்டான். கேட்பாரும் இல்ல, எடுப்பாரும் இல்ல. கொப்பரைக்குப் போரடிக்குமா இல்லையா? அமாவாச வந்தா எந்திரிச்சு, சங்கிலிய இழுத்துக்கிட்டு வாய்க்கா வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்து படுத்துக்கும்."

கொப்பரைக்குப் போரடிக்கும்! இப்படியெல்லாம் பேசத் தெரிந்த ஒருத்தியோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று அவனுக்கு ஆகிவிட்டது. அவனிடம் அவள் பேசுகிற பேச்சை ஒரு உள்ளங்கையில் எழுதிவிடலாம். உப்பு போதுமா. மோட்டார நிறுத்தியாச்சா. காலக் கழுவிட்டு வாங்க.

"நீங்க அந்தச் சத்தத்தக் கேட்டுருக்கீங்களாம்மா?"

"கேக்கறதென்ன, கிட்டப் போயி பாத்துருக்கேன். பொழுது சாயுற நேரம். நாங்க ரெண்டு பேரும் பனமரத்துக்குப் பின்னால ஒக்காந்திருந்தோம். மொதல்ல மெதுவா, கொலுசு மாதிரி. அப்பறம் பாருங்க, ஜல்லு ஜல்லுன்னு…"

"ரெண்டு பேருன்னா? யாரும்மா அந்த இன்னொருத்தர்? அவங்ககிட்டயும் ஒரு பதிவு எடுத்துட்டா நல்லாருக்குமே."

ராசம்மாள் சிரித்தாள். பல் தெரியாத, கன்னத்தில் மட்டும் ஓடி மறைகிற சிரிப்பு. அரசப்பனுக்கு அறிமுகமில்லாத சிரிப்பு.

"அது மட்டும் வேணாம் சார். பேரச் சொல்றதில்லன்னு சத்தியம் பண்ணிருக்கு. நெல்லு மேல."

"நெல்லு மேலயா?"

"கதிரப் புடிச்சிக்கிட்டு. சாமி தோதுப்படல."

எந்தச் சாமியும் சாட்சிக்கு வராத காரியம் என்ன காரியம் என்று அரசப்பன் வாசற்படியில் நின்றபடியே யோசித்தான். அவன் யோசித்த காரியம் ஒன்றே ஒன்றுதான்.

சாருக்கு அன்று விரால் மீன் குழம்பு. நடுத்துண்டு இரண்டும் சாருக்குப் போயின. அரசப்பனுக்குத் தலை வந்தது. அவனுக்குத் தலைதான் பிடிக்கும், அவன் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதும் அதுதான். இன்றைக்கு அதுவும் அவமானமாக இருந்தது.

சார் போனபிறகு கைகழுவுகிற சாக்கில் மகளைப் பிடித்தான். "இந்தக் கதை உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சின்னப் புள்ளையிலேர்ந்து தெரியும்ப்பா. இதச் சொன்னாத்தான் தூங்குவேன்."

"அந்த ரெண்டாவது ஆளு?"

"அது யாருக்கும் தெரியாது" என்றாள் பூவிழி. "அம்மாவுக்கே உரிய ரகசியம்" என்று கொஞ்சம் இலக்கியமாகவும் சொன்னாள். படிக்க வைத்ததன் பலன்.

அரசப்பனுக்குத் தெரிந்துவிட்டது. வேறு யார்? சேரன்தான்.

சேரன், ராசம்மாளின் அத்தை மகன். கட்டிக்கொள்கிற முறை. அந்தக் காலத்தில் அவனுக்குத்தான் அவள் என்று பேச்சு இருந்து, அவன் ஊர்சுற்றியாக இருந்ததால் கலைந்து, அந்த இடத்தில் அரசப்பன் வந்து உட்கார்ந்தான். இப்போது சேரன் ஊர்சுற்றுவதையே தொழிலாக்கிவிட்டான். செயின் வண்டி என்று சொல்கிற அறுவடை இயந்திரம் சொந்தமாக வைத்திருக்கிறான். தை பிறந்தால் டெல்டா முழுக்க அவன் வண்டிதான். மீசைக்கு மை, விரலுக்கு மோதிரம். இதில் இன்னொரு கொடுமை, உறவுமுறைப்படி அவனை அரசப்பன் "அண்ணே" என்று கூப்பிட வேண்டும். பெண்டாட்டியின் முறைமாப்பிள்ளை தனக்கு அண்ணன் ஆகிவிடுகிற கணக்கை எந்தப் புண்ணியவான் போட்டானோ!

"கதிரு தலையச் சாச்சிருச்சு. சேரன் மச்சானுக்குப் போனப் போடுங்க" என்றாள் ராசம்மாள், இரண்டு நாள் கழித்து.

அவள் "மச்சான்" என்று சொன்னதில் முன்பு இல்லாத ஒரு இழுப்பு இருப்பதாக அவனுக்குப் பட்டது.

"போடலாம், போடலாம். வேற வண்டியும் விசாரிப்போம்."

"வேற வண்டியா? நம்ம வயலுன்னா மொத நடை நம்மளுக்குத்தான விடுவாரு? இது என்ன புதுசா?"

"எல்லாம் புதுசாத்தான் இருக்கு" என்றுவிட்டு எக்ஸெல் மொபெட்டை எடுத்தான்.

சாருக்கு ஒத்தாசையாக ஆலமங்கலத்தில் நாலு பேரை விசாரித்து வருவதாக வீட்டில் சொன்னான். ராசம்மாள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பூவிழிக்குத்தான் சந்தோஷம், கள ஆய்வு எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்தாள். "நேரா கேக்கக் கூடாதுப்பா. பேச விட்டுக் கேக்கணும். பொறுமை வேணும்." பொறுமையாம்.

திருவிடைமருதூரிலிருந்து ஆலமங்கலம் போய்ச் சேர்வதற்குள் எக்ஸெல்லுக்கு இரண்டு தடவை சூடு ஏறியது, அவனுக்குப் பல தடவை. நெல் கொள்முதல் நிலையத்தில் ஒருமுறை வண்டியைத் தொலைக்கப் பார்த்ததிலிருந்து கனத்த இரும்புச் சங்கிலி ஒன்றை அதற்கென்றே வைத்திருந்தான். திடலுக்குக் கீழே இருந்த வேப்பமரத்தோடு வண்டியைச் சேர்த்துப் பூட்டிவிட்டு ஏறிப் பார்த்தான்.

சுற்றிலும் பழுத்த வயல். நடுவில் ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலே மேடு. ஐந்தாறு பனை, காரைப் புதர், கீழ்க்காற்றில் உப்பு வாசம். பனைக்குப் பின்னால் இரண்டு பேர் உட்கார இடம் இருந்தது. நெருக்கி உட்கார்ந்தால்தான் இரண்டு பேர். அவன் உட்கார்ந்து பார்த்தான், எழுந்தான், இன்னொரு பக்கமும் உட்கார்ந்து பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் ஊர் தெரிந்தது. ஊரிலிருந்து பார்த்தால் இங்கிருப்பது தெரியாது. நல்ல ஏற்பாடுதான் என்று கறுவிக்கொண்டே இறங்கினான்.

அடுத்த வயல்கரையில் சேரன் தன் வண்டிக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான்.

"அட, வாங்க தம்பி! என்ன இந்தப் பக்கம்? ராசு நல்லாருக்கா?"

ராசு! "இருக்குது."

"கதிரு எப்பிடி? எப்ப வண்டிய அனுப்பட்டும்?"

"அது கெடக்கட்டும். இந்தக் கொப்பரைத் திடலு…"

கிரீஸ் அடித்த கை நின்றது. சேரன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மெல்லப் பேசுங்க."

"சின்ன வயசுல நீங்க அங்க போயிருக்கீங்களா? யாரு கூடவாச்சும்?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"ஆராய்ச்சி."

சேரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "ஒரே ஒரு தடவ. மாட்டக் காணுமுன்னு தேடிக்கிட்டுப் போனேன். பொழுது சாயுற நேரம். சங்கிலி இழுபடுற சத்தம் கேட்டுச்சு பாருங்க தம்பி, வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மாடு அதுவா வீடு வந்து சேந்துருச்சு. நாந்தான் லேட்டு. இன்னிக்கும் சாயங்காலம் ஆச்சுன்னா வண்டிய அந்த வரப்புக்கிட்ட விட மாட்டேன்."

"தனியாவா போனீங்க?"

"கூட ஒரு ஆளு இருந்தா நான் எதுக்குத் தம்பி ஓடுறேன்?"

நன்றாகத்தான் நடிக்கிறான் என்று அரசப்பன் நினைத்தான். சேரனோ அவன் காதுக்கருகே குனிந்தான். "உங்களுக்கு ஏதோ துப்புக் கெடைச்சிருக்கு. மூஞ்சியிலேயே தெரியுது. பொக்லைன் வச்சிருக்கவன் நமக்கு வேண்டிய பய. பாதிப் பாதி. என்ன சொல்றீங்க?"

சேரனுக்குப் பவுனில் பாதி வேண்டும். அரசப்பனுக்கோ, பாதி என்ற சொல்லே நெஞ்சில் குத்தியது. சங்கிலியை அவிழ்த்து எக்ஸெல்லில் சுற்றிக்கொண்டு கிளம்பினான். வண்டி வேண்டும் என்று மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

மூன்றாம் நாள் கிழக்கே மூட்டம் போட்டது. தை மாதத்தில் மழையா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே பிடித்துக்கொண்டது. பெரிய மழை இல்லை, விடாத தூறல். பழுத்த கதிர் அதையே தாங்காது. மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் வயலின் மேல்பாதி பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. பக்கத்து வயல்களில் எல்லாம் அறுத்து, நெல்லும் வண்டி ஏறிவிட்டது. இவன் வயலில்தான் கதிர் தண்ணீரில் முகம் வைத்துக் கிடந்தது.

அரசப்பன் மண்வெட்டியோடு வடிகால் பக்கம் மடையை வெட்டினான். ராசம்மாள் கையால் சேற்றை வாரி ஒதுக்கி, தண்ணீருக்கு வழி விட்டாள். தண்ணீர் சளசளவென்று இறங்கத் தொடங்கியதும் அவள் நிமிர்ந்தாள்.

"நாலு நாளு கெடந்தா முளைச்சுரும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஒரு போனு. அந்த ஒரு போனப் போட ஒங்களுக்கு என்ன கேடு? எதுக்கு இந்த வீம்பு?"

அவன் மண்வெட்டியைச் சேற்றில் குத்தி நிறுத்தினான். மகள் சொல்லிக்கொடுத்த முறையெல்லாம் மறந்துபோயிற்று. "அந்த ரெண்டாவது ஆளு யாரு?"

"எந்த ஆளு?"

"திடல்ல. நாங்க ரெண்டு பேரு, நாங்க ரெண்டு பேருன்னு வாத்தியாருகிட்ட வாயெல்லாம் பல்லாச் சொன்னியே. சேரன்தான?"

ராசம்மாள் அவனையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அழுவாள் என்றும் பயந்தான். அவள் இரண்டும் செய்யாமல் வரப்பில் உட்கார்ந்தாள். அதுதான் அவனுக்குக் கலக்கமாகிவிட்டது. இவள் எழுந்து அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டால் தடுத்து நிறுத்த தன்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை என்பது அந்த நிமிஷத்தில் தெரிந்தது.

"ஒங்ககிட்டச் சொல்லிட்டேன்" என்றாள்.

"எப்ப?"

"கல்யாணமான வருஷம். மாசியில. களத்துல நெல்லக் குவிச்சுப்புட்டுக் காவலுக்குப் படுத்திருந்தோமே, அப்ப. மொதல்லேருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். பேரோட."

"எங்கிட்டயா?"

"நீங்க 'ம்' போட்டீங்க. நான் சொல்லச் சொல்ல ம், ம்முன்னு போட்டுக்கிட்டே வந்தீங்க. கடைசியில, இதுக்கு என்ன சொல்றீங்கன்னு கேட்டேன். அதுக்கும் ம். தொட்டுப் பாத்தா நல்ல தூக்கம்."

தூரத்தில் ஒரு கொக்கு படுத்த கதிரின்மேல் நடந்துகொண்டிருந்தது. அரசப்பன் அதையே பார்த்தான்.

"கட்டிக்கிற ஆளுகிட்ட மட்டும் ஒரு தடவ சொல்லலாம்முன்னு சத்தியத்துலயே எடம் விட்டு வச்சிருந்தோம். ஆசையாச் சொன்னேன். அந்த ஒரு தடவைய நீங்க தூங்கியே தீத்துட்டீங்க. இனிமே சொல்ல மாட்டேன். நீங்க சேரன்னு நெனச்சாலும் சரி, இந்திரன்னு நெனச்சாலும் சரி."

அவள் எழுந்து வரப்போடு நடந்துவிட்டாள். வாங்க என்று கூப்பிடவில்லை.

மறுநாள் பத்து மணிக்குப் பரணிதரன் சார் மறுபடி வந்தார். அரசப்பன் ஷூவைப் பார்த்ததும் கொல்லைப்பக்கம் போகப் பார்த்தான். "ஐயாவும் இருங்க. ஒரு அதிசயம்" என்றார் சார்.

ராசம்மாள் காபியோடு வந்தாள். இந்தமுறை அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"தரங்கம்பாடியில ஒருத்தர்கிட்டப் பதிவு பண்ணேன். பினாங்குல இருந்துட்டு, போன வருஷந்தான் ஊரோட வந்துருக்காங்க. வார்த்தைக்கு வார்த்தை நீங்க சொன்னதும்மா. கொப்பரைக்குப் போரடிக்குமா இல்லையாங்கிறதுகூட. அங்கயும் 'நாங்க ரெண்டு பேரும்'தான். அந்த இன்னொருத்தர் யாருன்னு கேட்டா, நெல்லு மேல சத்தியமாம்!"

பினாங்கு வேறா என்று அரசப்பனுக்குக் காது சூடானது. சேரனையாவது பார்த்தாயிற்று, இவன் கப்பலேறியவன். சார் கைபேசியைத் தட்டினார். அரசப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"கேளுங்க தம்பி" என்றது குரல். கொஞ்சம் கரகரத்த, வெற்றிலை போட்டது மாதிரியான பெண்குரல். "ஏழு கொப்பரை. ஒண்ணோட ஒண்ணு சங்கிலியால…"

ராசம்மாள் கையிலிருந்த தம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகத்திலிருந்து வயசு இறங்கிக்கொண்டே வந்தது. உதடு அசைந்தது. அந்தக் குரல் சொல்கிறதைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெண்பிள்ளை! அரசப்பனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை நெல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த நிம்மதி காபி ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை. சேரனாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம், முறைக்கலாம், ஒன்றுமில்லாவிட்டால் அண்ணே என்று கூப்பிடாமலாவது இருக்கலாம். இந்தக் குரலை என்ன செய்வது? ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் ராசம்மாளை இந்த வீட்டிலிருந்து, இந்தத் தம்ளரிலிருந்து, அவனிடமிருந்து அது கூட்டிக்கொண்டு போய்விட்டதே. அவன் குரலுக்கு அவள் ஒருநாளும் இப்படி நின்றதில்லை.

"பானு" என்றாள் ராசம்மாள், யாரிடமும் இல்லாமல். பிறகு அவனிடம்: "வண்டிய எடுங்க."

எடுப்பதற்கு முன்னால் அவன் வாசலில் நின்று ஒரு போன் போட்டான். "அண்ணே, நாந்தான். வண்டி வேணும்ண்ணே. கதிரு சாஞ்சிருச்சு."

"அண்ணேன்னு வாயாறக் கூப்புடுறீங்க, வராம இருப்பேனா? திடலுக்குக் கீழ ஒரு வயலு பாக்கி. இன்னிக்கு முடிச்சிட்டு, நாளைக்கு விடியக்காலம் அங்க நிப்பேன்" என்றான் சேரன். பிறகு குரலை இறக்கினான். "அந்தப் பாதி விஷயம்?"

தரங்கம்பாடியில் கடல் இரைச்சல் கேட்கிற ஒரு தெரு. கதவைத் திறந்தது கனத்த உடம்பும் கண்ணாடியும், தலையில் முக்காடுமாக ஒரு அம்மாள். இரண்டு பேரும் அசையாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன்டி இப்பிடிக் கறுத்துப் போயிட்ட?" என்றாள் ஹமீதா பானு.

"நீ ஏன்டி இப்பிடிப் பெருத்துப் போயிட்ட?"

பானு அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அரசப்பன் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

வட்டிலப்பம் வந்தது. தேங்காய்ப்பாலும் முட்டையும் வெல்லமுமாக வாயில் வைத்ததும் காணாமல் போகிற பதார்த்தம். பொறாமையோடு சாப்பிட்டாலும் நன்றாகத்தான் இருந்தது.

"அண்ணனுக்குத் தெரியுமா? எடம் விட்டோமே, சொன்னியா?" என்று பானு கேட்டாள்.

"சொன்னேன். 'ம்' போட்டாரு."

பானு அவனைப் பார்த்தாள், ராசம்மாளைப் பார்த்தாள். அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்துச் சிரித்தாள். "நான் எங்க வீட்டுக்காரவங்ககிட்ட மூச்சே விடலடி. விட்டுருந்தா எங்க வாப்பாவோட திடல அடுத்த மாசமே வித்துருப்பாங்க!"

பொழுது இறங்கும் நேரத்தில் திடலுக்குப் போவோம் என்றாள். ஆட்டோ வந்தது. மூன்றாவது ஆளுக்கு அதில் இடம் இருந்தது, யாரும் சொல்லவில்லை. அரசப்பன் எக்ஸெல்லில் பின்னாலேயே புகையை வாங்கிக்கொண்டு போனான்.

திடலுக்குக் கீழே இறங்கியதும் ராசம்மாள் அவனிடம் வந்து கையை நீட்டினாள். "அந்தச் சங்கிலியக் குடுங்க."

"வண்டி பூட்ட…" என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். அவளைப் பார்த்தான். பானுவைப் பார்த்தான். மேட்டின்மேல் பனைமரங்களைப் பார்த்தான். "அப்ப அந்தச் சத்தம்…?"

"ம்" என்றாள் ராசம்மாள்.

"என்னண்ணே செய்யுறது?" என்றாள் பானு. "திடலும் வயலும் எங்க வாப்பாவுது. இவ அம்மா அந்த வயல்ல நடவு நடும். வேலை முடிஞ்சா அது இவளத் தேடும், வாப்பா என்னயத் தேடும். இவ எங்க வீட்டுக்குள்ள வர முடியாது, நான் இவ தெருவுக்குப் போக முடியாது. ரெண்டு பேரும் ஒக்காந்து பேச ஒரு எடம் வேணுமில்ல? பொதையலு கதை ஊருல ஏற்கனவே இருந்துச்சு. நாங்க எருமச் சங்கிலியப் பனமரத்துல சுத்தி இழுத்தோம். அவ்வளவுதான். அப்பறம் ஒரு பய இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. எனக்கு நிக்காஹ் பேசி முடிக்கிற வரைக்கும் மகாராணி மாதிரி ஒக்காந்து பேசுனோம்."

"சத்தியம்?"

"ஒங்க சாமியா எங்க அல்லாவான்னு அதுலயும் வாக்குவாதம் வேணாமுன்னு, கீழ எறங்கி ஒரு கதிரப் புடிச்சுக்கிட்டோம்" என்றாள் ராசம்மாள்.

"அப்பிடி என்னதான் பேசுனீங்க?"

இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். கன்னத்தில் மட்டும் ஓடி மறைகிற அதே சிரிப்பு. அவன் ஒன்றும் கேட்காதது மாதிரி வேப்பமரத்தடிக்கு நகர்ந்துவிட்டான்.

அவர்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க மேட்டில் ஏறினார்கள். கீழே வயலில் சேரன், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுகிற அவசரத்தில் கடைசிச் சுற்று முடித்து வண்டியை நிறுத்தினான். தாளும் தூசியும் காற்றில் மஞ்சளாக மிதந்தன. அவனுக்கு மேட்டின் அந்தப் பக்கம் நின்ற ஆட்டோ தெரிய வழியில்லை. அரசப்பனைக் கண்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

"பாத்தீங்களா, திரும்ப வந்துட்டீங்க. எங்கிட்ட மறைக்கிறீங்க தம்பி."

அரசப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போதுதான் கேட்டது. முதலில் மெதுவாக, கொலுசு மாதிரி. அப்புறம் பனைமரத்தைச் சுற்றி இரும்பு இழுபடுகிற, மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோன்ற சத்தம். ஜல், ஜல், ஜல்.

சேரனின் முகத்தில் மீசை மை மட்டும்தான் கறுப்பாக மிஞ்சியிருந்தது. "தம்பி… கேக்குதா?"

இத்தனை நாள் வயிறெரிந்ததற்கு ஒரு வார்த்தையில் வசூல் செய்துவிடலாம். ஒங்க மாமன் மகளும் பாய் வீட்டுப் பொண்ணும்தான் அண்ணே, நீங்க வேட்டிய விட்டுட்டு ஓடுனது ஒரு எருமச் சங்கிலிக்குப் பயந்துதான் என்று சொல்லலாம். நாளைக்கு ஊரே சிரிக்கும். மேட்டின் மேலே யார் வேண்டுமானாலும் ஏறிவருவார்கள். பனைக்குப் பின்னால் அந்த இடம் வெறும் இடமாகிவிடும்.

"என்னது?" என்றான் அரசப்பன்.

"சத்தம் தம்பி! சங்கிலிச் சத்தம்!"

அரசப்பன் காதைத் திருப்பி வைத்து, நிதானமாகக் கேட்டான். ஜல், ஜல். நடுவில் யாரோ முந்தானையை வாயில் திணித்துச் சிரிப்பதுகூட அவனுக்குக் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேண்ணே" என்றான்.

சேரன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு பாதிப் பங்கைப் பற்றி எதுவும் பேசாமல், வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினான். செயின் வண்டி அவ்வளவு வேகம் போகும் என்று அரசப்பன் அன்றுதான் பார்த்தான். விடியக்காலம் என்று சொன்னவன், இந்த ஓட்டத்தில் போனால் ராத்திரிக்கே நம் வயலில் நிற்பான் என்று பட்டது. மேல்பாதி போனாலும் கீழ்ப்பாதி தப்பிவிடும். உளுந்தும் முளைத்திருக்கும்.

திரும்பும்போது ராசம்மாள் எக்ஸெல்லின் பின்னால் மடியில் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தாள். பொறையாறு தாண்டியதும் அவன் முதுகுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சேரன் மச்சான் கேட்டதும் நீங்க சொன்னதும் மேல கேட்டுச்சு."

"என்ன சொன்னேன்?"

"பானு கேட்டுட்டு, இவருக்கு இன்னொரு தடவ சொல்லுடின்னு சொல்லிட்டா. இதுதான் கடைசி."

அவள் சொல்லத் தொடங்கினாள். எக்ஸெல் இரைச்சலில் பாதி காற்றோடு போயிற்று. அவன் "ம்" என்று சொல்ல வாயெடுத்து, அந்த எழுத்தின்மேலேயே ஒரு பயம் வந்து நிறுத்தினான். ஒரு மதகைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தான்.

"என்ன, பெட்ரோலு தீந்துருச்சா?"

"இல்ல. பாதி கேக்கல. மொதல்லேருந்து சொல்லு."

மதகுக் கட்டையில் உட்கார்ந்தார்கள். கீழே வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சங்கிலியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் காற்றில் எடுத்தாள்.

"அப்ப எனக்குப் பதினாலு வயசு. நாங்க ரெண்டு பேரும்…"

அதே இடத்தில் சுருக்கென்றது. இன்னும் கொஞ்ச நாளைக்கு அது குத்திக்கொண்டுதான் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது.

"ம்" என்றான் அரசப்பன், கண்ணை அகல விரித்துக்கொண்டு.